பாதையில்லா மலை ஏரிப் பயணம்: இறங்கும் வழி ஏன் முக்கியம்?

கொல்கத்தா: துர்கா பூஜை விடுமுறையில் இமயமலைக்குப் புறப்படுவது கொல்கத்தாவாசிகள் பலரின் நெடுநாள் வழக்கம். அவர்களுள் அனுபவம் மிக்க சிலர், வழக்கமான தடத்தை விட்டு விலகி, முதுகுச் சுமையுடன் ஓர் உயர்மலை ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்கு நடக்க விரும்புகின்றனர். இத்தகைய பயணத்தில் ஏறும் வழியைக் காட்டிலும் இறங்கும் வழியே முக்கியமானது.

ஏரிகளின் அமைப்பு

உயர்மலை ஏரிகள் பலவும் பனியாறுகள் குடைந்த கிண்ணம் போன்ற பள்ளங்களில் அமைந்தவை. அவற்றை மலைமுகடுகள் பிரிக்கின்றன. காஷ்மீரில் கிருஷ்ணசர் ஏரியிலிருந்து கட்சர் ஏரியை அடைய, சுமார் 4,200 மீட்டர் உயரக் கணவாயைக் கடக்க வேண்டும். அங்கே தெளிவான தடம் உண்டு. தடமில்லாத இடங்களில், ஏரியிலிருந்து வழியும் ஓடையைப் பின்பற்றினால் அது செங்குத்துப் பாறையில் முடியக்கூடும். அப்போது, ஊர் திரும்புவதற்கே மீண்டும் முகட்டில் ஏற வேண்டியிருக்கும்.

உயரமும் உடலும்

தெற்குக் கொல்கத்தாவின் டாலிகஞ்ச், கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே உள்ளது. 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், அங்கு கிடைப்பதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. தலைவலி, வாந்தி எனத் தொடங்கும் உயர்மலை நோய் முற்றினால், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும். உடனே கீழே இறங்குவதே முதன்மைச் சிகிச்சை. ஏறித்தான் இறங்க முடியும் என்ற இடத்தில் அந்தச் சிகிச்சை எட்டாமல் போகிறது.

அண்மைத் துயரங்கள்

2021 அக்டோபரில் உத்தராகண்டின் ஹர்சிலிலிருந்து லம்காகா கணவாய் வழியாக இமாச்சலின் சித்குலுக்குப் புறப்பட்ட குழு பனிப்பொழிவில் சிக்கியது. மேற்கு வங்கத்தைச் சேர்ந்தோர் உள்பட பலர் உயிரிழந்தனர். 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்த்ர தால் ஏரிக்குச் சென்ற 22 பேர் குழுவில், பனிப்புயலில் சிக்கி 9 பேர் உயிரிழந்தனர். பனி மூடினால் தடமும் மறையும். அடையாளப் பாறைகளும் மறையும்.

செய்ய வேண்டியவை

3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல். இப்பகுதிகளில் பெரும்பாலும் செல்பேசி இயங்காது. செயற்கைக்கோள் பேசியை அரசு அனுமதியின்றிப் பயன்படுத்துவது சட்டவிரோதம். ஆகவே, பயணத் திட்டத்தையும் திரும்பும் நாளையும் அடிவார ஊரிலும் வீட்டிலும் எழுதிக் கொடுத்துச் செல்வது அவசியம். ஒவ்வொரு முகட்டையும் கடக்குமுன், எந்த நேரத்துக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்புவது என்பதைக் குழுவாக முடிவு செய்து, அதை மீறாதிருப்பதே உயிர்காக்கும்.