மச்சைக்குள் கொழுப்புக்கு என்ன வேலை?

ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பக்கம் ஆட்டிறைச்சி வாங்கும் தமிழர் பலர் நல்லியெலும்பைக் கேட்டே வாங்குவார்கள். சூப்பில் வெந்த எலும்பைத் தட்டினால் வழுக்கி விழுமே, அதுதான் மச்சை. நம் எலும்புக்குள்ளும் அதுதான் இருக்கிறது. பிறக்கும்போது ஏறக்குறைய எல்லாம் சிவப்பு மச்சை. இரத்தம் ஊறுவது அதில்தான். வயது ஏற ஏறக் கை கால் எலும்புகளில் கொழுப்புக் கலங்கள் நிறைந்து மச்சை மஞ்சளாகிவிடும். இடுப்பு, முள்ளந்தண்டு, நெஞ்செலும்பு, விலா போன்ற இடங்களில் சிவப்பு எஞ்சும். அங்கும் கொழுப்புக் கலங்கள் ஊடே ஊடே இருக்கும்.

இந்தக் கொழுப்பு சும்மா இடத்தை நிரப்புகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்த ஆய்வுகளில் ஒன்று, ஒன்ராறியோ ஏரியின் மேற்கு முனையிலுள்ள ஹமில்டனில், மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மிக் பாட்டியாவின் குழு 2017இல் அதை வெளியிட்டது.

வைத்தியர்கள் ஏ.எம்.எல். என்று சொல்லும் கடும் இரத்தப் புற்றுநோய் வந்தவரை இரத்தச்சோகையும் தொற்றும்தான் வாட்டி எடுக்கும். புற்றுக்கலங்கள் பெருகி இடத்தை அடைத்துக்கொள்வதால் நல்ல இரத்தம் ஊறுவதில்லை என்பது பழைய விளக்கம். பாட்டியா குழு இன்னொரு காரணத்தைக் கண்டது. புற்றுக்கலங்கள் மச்சையின் கொழுப்புக் கலங்களை முதிரவிடாமல் கெடுக்கின்றன. கொழுப்புக் கலங்கள் குன்றினால் சிவப்பணு உற்பத்தியும் படுத்துவிடுகிறது. நீரிழிவு மாத்திரைகள் சில வேலைசெய்யும் அதே வழியில் இயங்கும் ஒரு பொருளை எலிகளுக்குக் கொடுத்து, அந்தக் கொழுப்புக் கலங்களை மீண்டும் வளர்த்தார்கள். நல்ல இரத்தம் ஊறத் தொடங்கியது, புற்றின் வளர்ச்சியும் தணிந்தது. புற்று குடியிருக்கும் இடத்தைச் சீர்செய்தே அதை அடக்கப் பார்க்கும் இந்த வழி எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது.

அதே 2017இல் இங்கிலாந்தின் நொறிச் ஆய்வாளர்கள் மறுபக்கத்தைக் காட்டினார்கள். ஏ.எம்.எல். கலங்கள் அருகிலுள்ள கொழுப்புக் கலங்களைத் தூண்டி, சேமித்த கொழுப்பைக் கரைக்கச் செய்கின்றன. வெளிவரும் கொழுப்பமிலங்களை உறிஞ்சி எரித்துத் தாம் பெருகுகின்றன. அந்த அமிலங்களைச் சுமக்கும் ஒரு புரதத்தைக் குறைத்தபோது, நோயுற்ற எலிகள் கூடுதல் நாள் உயிர்வாழ்ந்தன.

இதைப் படித்துவிட்டு, நோயாளியின் சாப்பாட்டில் எண்ணெயையும் நெய்யையும் நிறுத்திவிடாதீர்கள். மச்சைக் கொழுப்பு வயிற்றுக் கொழுப்பைப் போல நடப்பதில்லை; கடுமையாகப் பட்டினி கிடப்பவர்களிடம் அது கூடவே செய்கிறது. இந்த நோயில் உடல் மெலியாமல் இருப்பது முக்கியம். என்ன கொடுக்கலாம், எதை விடலாம் என்பதைச் சிகிச்சை தரும் வைத்தியரிடமே கேளுங்கள்.