தெர்மகோல் சிறகுகள்

செகந்திராபாத்தின் மாரெட்பள்ளியில் வாழும் சிறுவருக்கு விமானம் புதுமையான காட்சியன்று. மேற்கே பேகம்பேட் விமான நிலையம். வடக்கே ஹக்கீம்பேட் விமானப்படைத் தளம். 2008 ஆம் ஆண்டு பயணிகள் விமானச் சேவை ஷம்ஷாபாத்துக்கு மாறிய பின்னரும் பேகம்பேட்டின் ஓடுபாதை ஓய்ந்துவிடவில்லை. ‘விங்ஸ் இந்தியா’ விமானக் கண்காட்சி அங்குதான் நடைபெற்று வருகிறது. தலைக்கு மேல் விமானத்தைக் கண்டு வளரும் மாணவருக்குத் தாமும் ஒன்றைச் செய்து பறக்கவிட வேண்டும் என்னும் ஆவல் எழுவது இயல்பு. அந்த ஆவலுக்கு இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று பணம், மற்றொன்று வானம்.

பணத்தடையை வெல்லும் வழி பழமையானது. 1871 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் அல்போன்சு பெனோ, ரப்பர் நாடாவை முறுக்கி இயக்கிய சிறு மாதிரி விமானம் ஒன்றைப் பாரிசு நகரின் பூங்காவில் பறக்கவிட்டார். அவர் வடிவமைத்த வகையைச் சேர்ந்த பறக்கும் பொம்மை ஒன்றைத்தான் ரைட் சகோதரர்களுக்கு அவர்களுடைய தந்தை 1878 இல் பரிசளித்தார். மூங்கிலும் தக்கையும் காகிதமும் கொண்டு ஆக்கப்பட்டது அப்பொம்மை.

எனவே, ரேடியோ அலைகளால் கட்டுப்படுத்தப்படும் விமானத்தை விரும்புவோரும் முதலில் கையால் எறியும் மிதவை விமானத்தையே செய்வது நன்று. கடைகளில் விற்கும் விலையுயர்ந்த விமானத்தை வாங்கி, முதல் நாளே மரத்தில் மோதி உடைத்தவர்கள் பலர். மிதவை விமானத்திற்கு 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தெர்மகோல் தாள், மெல்லிய மூங்கில் குச்சி, பசை, சிறிதளவு களிமண் ஆகியவை போதும். இறக்கையின் நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 10 சென்டிமீட்டர் எனக் கொள்ளலாம். இறக்கையை நடுவில் வெட்டி, இரு முனைகளும் 3 சென்டிமீட்டர் உயரும்படி மீண்டும் ஒட்டுதல் வேண்டும். இவ்வாறு மேல்நோக்கிச் சாய்ந்த இறக்கை, விமானம் ஒரு பக்கம் சரியும்போது அதனைத் தானாகவே நிமிரச் செய்யும். கிடைமட்ட வாலின் பரப்பு இறக்கைப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கலாம்.

இக்கலையின் உயிர்நாடி ஈர்ப்பு மையம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையுள்ள இடத்தில் அது அமைய வேண்டும். மேற்கூறிய இறக்கையில் அது 2.5 முதல் 3.3 சென்டிமீட்டர் தொலைவு. அவ்விடத்தில் இரு விரல்களால் தாங்கினால் விமானம் சமநிலையில் நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் களிமண் சேர்க்க வேண்டும். பிறகு காற்றை எதிர்நோக்கி, மூக்கைச் சற்றே தாழ்த்தி, மெல்ல எறிய வேண்டும். விமானம் தலைதூக்கி, வேகம் இழந்து, குப்புற விழுமாயின் மூக்கு எடை போதவில்லை என்பது பொருள். எறிந்தவுடன் தரையை நோக்கிப் பாயுமாயின் எடை மிகுந்துவிட்டது. சங்கராந்திப் பட்டம் விட்டுப் பழகிய கைக்குக் காற்றின் போக்கு ஓரளவு தெரிந்திருக்கும். ஆனால் பட்டத்திற்கு உதவும் பலத்த காற்று இதற்கு ஆகாது. காற்று அடங்கிய அதிகாலையே ஏற்றது. மிதவை விமானத்தில் செய்யும் பிழைக்கு விலை ஒரு தெர்மகோல் தாள் மட்டுமே. அதே பிழையை மோட்டார் பொருத்திய விமானத்தில் செய்தால் இழப்பு ஆயிரக்கணக்கில் ஆகும்.

அடுத்த படி மின்மோட்டார் விமானம். ஒரு மீட்டர் இறக்கை நீளமும் 700 கிராம் அளவு எடையும் கொண்ட விமானம் தொடக்கநிலையினருக்குப் பொருந்தும். இதற்குப் பரப்பி, ஏற்பி, பிரஷ்லெஸ் மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று, இரண்டு சிறு சர்வோக்கள், லித்தியம் பாலிமர் மின்கலம், மின்னேற்றி ஆகியவை தேவை. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாய் ஆகலாம். அதில் பாதியளவு பரப்பிக்கும் ஏற்பிக்குமே சென்றுவிடும். ஆயினும், ஒருமுறை வாங்கிய பரப்பியை விமானம் மாறினாலும் பயன்படுத்தலாம். நான்கு மாணவர் கூடிப் பகிர்ந்துகொண்டால் சுமை இன்னும் குறையும். வாங்குவதற்கு முன் கணினியில் பறத்தல் பயிற்சி மென்பொருளைக் கொண்டு பழகுதல் சிறந்தது. விமானம் தம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். புதியவர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

லித்தியம் பாலிமர் மின்கலத்தைக் கவனமின்றிக் கையாளுதல் தீ விபத்துக்கு வழிவகுக்கும். ஓர் அலகின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மின்னேற்றும்போது எரியாத தரையின்மீது வைத்து, பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். மோட்டாரைச் சோதிக்கும்போது சுழல்விசிறியைக் கழற்றிவிட வேண்டும்.

இனி வானம். 2021 ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, பொழுதுபோக்குக்காக 2 கிலோகிராம் வரை எடையுள்ளவற்றை இயக்குவோருக்கு உரிமம் தேவையில்லை. ஆனால், செயல்படும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை தரைமட்டத்திலிருந்தே கட்டுப்பாடு உண்டு. முன் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. மாரெட்பள்ளியோ பேகம்பேட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. ஆகவே, கையெறி விமானத்துக்குப் பள்ளி மைதானம் போதும் என்றாலும், ரேடியோ விமானத்தை அங்கே பறக்கவிட எண்ணுதல் தவறு. அதற்கு நகருக்கு வெளியே, ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் பச்சை நிறம் காட்டும் வெட்டவெளியைத் தேட வேண்டும். விமானத்தைப் பதிவு செய்து எண் பெறுதலும் வேண்டும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக்கலை பயிற்சியின் ஒரு பகுதியாக இருப்பதால், அப்பிரிவில் சேரும் மாணவர் வழிகாட்டலுடன் இதனைக் கற்க இயலும்.

இடம் கிடைத்த பின்னும் முதல் நாள் அவசரம் ஆகாது. பரப்பியை முதலில் இயக்கி, அதன் பின்னரே விமானத்தின் மின்கலத்தை இணைக்க வேண்டும். வாலின் மடல்கள் கைவிசைக்கு ஏற்பச் சரியான திசையில் அசைகின்றனவா எனப் பார்க்க வேண்டும். பிறகு அனுபவமுள்ள ஒருவர் பரப்பியைப் பிடித்திருக்க, மாணவர் விமானத்தைக் காற்றுக்கு எதிராக எறியலாம்.