மறதிக்கும் ஒரு சாட்சி வேண்டும்

பலாபத்வலயில் பஸ் ஏறி மாத்தளைக்குப் போகும்போது ஏ-9 வீதியோரம் அலுவிகாரை வரும். தலைமுறை தலைமுறையாக மனனம் செய்து காத்த திரிபிடகத்தை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் பிக்குகள் ஓலையில் எழுதிவைத்த இடம் என்று மரபு சொல்கிறது. அதுவரை அவர்கள் கூட்டமாக அமர்ந்து ஓதினார்கள். ஒருவர் சொல் தவறினால் பக்கத்தில் இருப்பவர் திருத்துவார். பஞ்சத்திலும் போரிலும் அந்தப் பக்கத்து ஆட்கள் குறைந்தபோதுதான் ஓலை தேவைப்பட்டது.

அதே பஸ்ஸில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் கிளினிக் கொப்பியோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால், "பிரஷருக்கு மருந்தெடுக்கப் போறேன்" என்பார். உண்மையில் எச்.ஐ.வி. மருந்துக்குப் போகிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கொஞ்ச நாளாக மீதிக்காசை எண்ணத் தடுமாறுகிறார். சட்டைப் பொத்தான் போட நேரமெடுக்கிறது. "வயசாயிருச்சுதானே" என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறார்.

எச்.ஐ.வி.யோடு முதுமையடைவது என்பதே ஒரு காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். 1986இல் சென்னையில் டொக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். மறுவருடம் இலங்கையிலும் தொற்று பதிவானது. 1996 அளவில் வந்த கூட்டு மருந்துகள் நிலைமையை மாற்றின. 2004இல் இரு நாடுகளும் அவற்றை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கின. இன்று நேரத்தோடு மருந்தை ஆரம்பித்து ஒழுங்காக எடுப்பவர், ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நெடுங்காலம் வாழலாம். இரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வைரஸ் அடங்கியிருந்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. ஆயுள் நீண்ட பிறகுதான் மூளையைப் பற்றிய கேள்வி முன்னுக்கு வந்தது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

தொற்றிய சில வாரங்களிலேயே வைரஸ் மூளைக்குள் போய்விடுகிறது. தொற்றுக்குள்ளான வெண்குருதிக் கலங்கள்தான் அதற்கு வாகனம். அது நரம்புக் கலங்களை நேரடியாகப் பிடிப்பதில்லை. மூளையைக் காவல் காக்கும் கலங்களில் குடியேறுகிறது. அந்தக் காவற்கலங்கள் கக்கும் இரசாயனங்களே நரம்புகளை வாட்டுகின்றன. மருந்து வைரஸை அடக்கினாலும், பலரிடம் இந்த அழற்சி நீறு பூத்த நெருப்பாக நீடிக்கிறது.

பாதிப்பு பெரும்பாலும் மூளையின் ஆழ்பகுதிகளில் விழுவதால், இது அல்சைமர் போல இருப்பதில்லை. அல்சைமரில் காலையில் நடந்தது மாலையில் அழிந்துபோகும். இங்கே யோசனை மெதுவாகும், கவனம் சிதறும், விரல்கள் சொன்னபடி கேட்காது. பெயர் வாய்க்கு வராது. ஒரு குறிப்புக் கொடுத்தால் வந்துவிடும். மருந்தில்லாத காலத்தில் கண்ட கடுமையான மறதிநோய் இன்று அரிது. இலேசான தடுமாற்றம்தான் மிஞ்சியிருக்கிறது. சிகிச்சைக்கு முன் சி.டி.4 என்ற நோயெதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கை எவ்வளவு கீழே போனதோ, அவ்வளவுக்கு ஆபத்தும் கூடுகிறது. அதனால், பிந்திய பரிசோதனையின் விலையை மூளையும் கொடுக்கிறது.

இந்தியாவில் பரவலான சி வகை வைரஸின் 'டாட்' புரதத்தில் உள்ள ஒரு சிறு மாற்றம், வெண்குருதிக் கலங்களை ஈர்க்கும் அதன் திறனைக் குறைக்கிறது என்று பெங்களூரின் உதயகுமார் ரங்கா குழு 2004இல் காட்டியது. நம் பக்கத்து மூளைகள் தப்பும் என்ற நம்பிக்கை அதனால் பிறந்தது. ஆனால் சென்னையிலும் புனேயிலும் நோயாளரைச் சோதித்தபோது அங்கேயும் தடுமாற்றம் தெரிந்தது.

மூன்று நிமிடச் சோதனை

இந்தத் தடுமாற்றத்தைப் பிடிக்க, 2005இல் வெளியான எளிய சோதனை ஒன்று உண்டு. எழுத்தறிவு தேவையில்லை. முதலில் நாய், தொப்பி, அவரை, சிவப்பு என்று நான்கு சொற்களைச் சொல்வார்கள். பிறகு பெருவிரலில் சுட்டுவிரலை 5 விநாடிக்கு வேகமாகத் தட்ட வேண்டும். 15 தட்டு என்றால் முழுப்புள்ளி. அடுத்து கையை முஷ்டியாக, உள்ளங்கையாக, பக்கவாட்டாக மாறிமாறி மேசையில் வைக்க வேண்டும். கடைசியில் அந்த நான்கு சொற்களையும் கேட்பார்கள். 12க்கு 10 அல்லது அதற்குக் குறைவு என்றால் மேலும் பரிசோதிக்க வேண்டும். இது நோயைத் தீர்மானிக்காது; சந்தேகத்தை மட்டும் எழுப்பும்.

எல்லாத் தடுமாற்றத்துக்கும் வைரஸைக் குற்றம் சொல்லவும் முடியாது. மனச்சோர்வு, தைரொயிட் கோளாறு, பி12 குறைபாடு, மது எல்லாம் இதே முகத்தோடு வரும், பலவற்றைச் சரிசெய்யலாம். பிரஷர், சீனி வருத்தம், புகைத்தல் மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்து 2023இல் முடிவு வெளியான ஆய்வில், பிட்டாவஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரோல் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 35 சதவீதம் குறைத்தது.

ஆனால் எச்.ஐ.வி. மாத்திரையை மறக்காமல் போட வேண்டியது தடுமாறுகிற அதே மூளைதான். மாத்திரை தவறினால் வைரஸ் தலைதூக்கும், அது மறதியைக் கூட்டும். தன் மறதி தனக்குப் பிடிபடுவதும் குறைவு. கூட இருப்பவர்தான் முதலில் கவனிப்பார். ரகசியமாக மருந்தெடுப்பவருக்கு அப்படி ஒருவர் இல்லை. அவரை அந்த ரகசியத்துக்குள் தள்ளியது ஊர் வாய்.

ஆகவே, எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே, நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். கிழமை நாட்கள் குறித்த மாத்திரைப் பெட்டி வாங்குங்கள். தடுமாறிய நாட்களைக் கொப்பியில் எழுதி டொக்டரிடம் காட்டுங்கள். மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் எந்தக் கிளினிக் என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னால், அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.