புற்றுநோய் வார்டில் செவிலியர்: பதற்றமும் பணித்தோழமையும்

நோய் தீர்வதற்கு வேண்டியவற்றை வள்ளுவர் நான்காகப் பகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து கவனிப்பவரையும் ஒரு கூறாக வைத்தார். இன்று மருத்துவமனையில் அந்த நான்காம் கூறாக நிற்பவர் செவிலியர். நோயாளியைச் செவிலியர் கவனிக்கிறார். செவிலியரின் மனத்தை யார் கவனிப்பது? உளவியல் இதற்குத் தரும் விடையைப் புற்றுநோய்ச் செவிலியரை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

பதற்றத்தின் காரணங்கள்

அச்சம் வேறு, பதற்றம் வேறு. எதிரே பாம்பைக் கண்டு நடுங்குவது அச்சம். இன்னதென்று சுட்ட முடியாத தீங்கு வரப்போகிறது என்று உள்ளம் அலைவது பதற்றம். புற்றுநோயாளி மாதக் கணக்கில் மீண்டும் மீண்டும் சிகிச்சைக்கு வருகிறார். அவருடைய ஊர், தொழில், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் செவிலியருக்குத் தெரிந்துவிடுகின்றன. அப்படிப் பழகியவர் இறக்கும்போது, சொந்தத்தில் ஒருவரை இழந்தது போலாகிறது. "எனக்கு என்ன நோய்?" என்று கேட்கும் நோயாளி ஒருபுறம், "அவரிடம் சொல்லிவிடாதீர்கள், சிஸ்டர்" என்று கெஞ்சும் உறவினர் மறுபுறம்.

மருந்தும் அஞ்சத்தக்கதே. வின்கிறிஸ்டின் என்னும் மருந்து இரத்தக் குழாய் வழியே சென்றால் நோயைத் தாக்கும். குழாயை விட்டு வெளியே கசிந்தால் தசையை அழிக்கும். தவறி முதுகுத்தண்டு நீரில் செலுத்தப்பட்டால் பெரும்பாலும் உயிரையே குடிக்கும். ஆகவே இத்தகைய மருந்துகளை இருவர் தனித்தனியே சரிபார்ப்பது வழக்கம்.

இங்கேதான் உடன் பணிபுரிவோரின் உறவு உயிர்ப் பிரச்சினையாகிறது. "அக்கா, அளவு சரிதானா?" என்று இளையவர் மூத்தவரை அஞ்சாமல் கேட்க முடிய வேண்டும். "எனக்கே சொல்லித் தருகிறாயா?" என்ற சொல்லுக்குப் பயந்து கையெழுத்திட்டால், ஏட்டில் இரண்டு கையெழுத்து இருக்கும், பார்த்த கண்கள் ஒருவருடையவையே.

பதற்றம் பரவும்

அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லோ, செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவு பற்றிய தம் புகழ்பெற்ற நூலை 1952இல் வெளியிட்டார். சிறிதளவு பதற்றம் கவனத்தைக் கூர்மையாக்கும், மிகுந்தால் பார்வையைக் குறுக்கிவிடும், அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் என்பன அவர் வற்புறுத்திய கருத்துகள். தலைமைச் செவிலியரின் சிடுசிடுப்பு ஒரு மணி நேரத்தில் வார்டு முழுவதையும் சுற்றி வந்துவிடும்.

லண்டன் தந்த பாடம்

இசபெல் மென்சீஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர் 1950களின் இறுதியில் லண்டனின் பொது மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்தார். அது புற்றுநோய்க்கு மட்டும் உரியதன்று. எனினும் அவர் கண்டவை நம் பொருளுக்கு மிகவும் பொருந்தும். அங்கே ஒரு செவிலியர் ஒரு நோயாளியை முழுமையாகக் கவனிக்கவில்லை. பலருக்கும் ஒரே வேலையைச் செய்து நகர்ந்தார். நோயாளிகள் படுக்கை எண்ணாலும் நோயின் பெயராலும் குறிக்கப்பட்டனர். மாணவச் செவிலியர் அடிக்கடி வார்டு மாற்றப்பட்டனர். இவையெல்லாம் நோயாளியோடு ஒட்டாமலிருந்து பதற்றத்தைத் தவிர்க்கும் வழிகள் என்றார் மென்சீஸ். ஆனால் பதற்றம் தீரவில்லை. தொழிலின் நிறைவுதான் போயிற்று. பயிற்சிக்கு வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்கவில்லை.

மாற்று வழி

பாஸ்டன் நகர வழக்கறிஞர் கென்னத் சுவார்ட்ஸ் 1995இல் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். தம்மைக் கவனித்தவர்களின் கனிவு தமக்கு எவ்வளவு துணையாயிற்று என்று எழுதிச் சென்றார். அவர் பெயரால் அமைந்த மையம் 1997இல் ஒரு கூட்டமுறையைத் தொடங்கியது. மருத்துவர், செவிலியர் முதலிய எல்லா ஊழியரும் ஒன்றாக அமர்ந்து, சிகிச்சை முறையைப் பற்றியன்றி, அப்பணி தம் மனத்தில் ஏற்படுத்திய வலியைப் பற்றிப் பேசுவதே அதன் நோக்கம். இம்முறை பின்னர் பிரிட்டனிலும் பரவியது.

இவற்றால் நாம் அறிவது யாது? பதற்றத்தை விதிகளால் மூடி மறைக்க முடியாது; அதை மனம்விட்டுச் சொல்ல ஒரு தோழர் வேண்டும். போதிய ஆட்களும் ஓய்வும் இன்றியமையாதவை. அவற்றுக்கு இணையானது, "இன்று என்னால் முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால் "நீ சற்று உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மற்றவர் சொல்லும் உறவு. நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் பணியேற்கப் போகும் நாமும் இதை மனத்தில் கொள்வோமாக.