84 வந்தது, 85 வரவில்லை: ஆர்பிஜி கேம்களின் ரிவியூ ஸ்கோரை எவ்வளவு நம்பலாம்?

2010 அக்டோபரில் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' வெளியானது. அதை உருவாக்கியது அப்சிடியன் ஸ்டூடியோ, வெளியிட்டது பெதஸ்டா. இரண்டுக்கும் நடுவே இருந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: பல விமர்சனங்களைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் மெட்டாக்ரிடிக் தளத்தில் 85 வந்தால் போனஸ். வந்தது 84. போனஸ் இல்லை. அப்சிடியனின் நிறுவனர்களில் ஒருவரான கிறிஸ் அவலோன் 2012-ல் ட்விட்டரில் சொன்ன பிறகுதான் இந்த விஷயம் வெளியே தெரிந்தது.

இன்றைக்கு 'சிறந்த ஆர்பிஜி எது' என்று எங்கே பேச்சு வந்தாலும் நியூ வேகஸ் பெயர் வராமல் இருக்காது. அதற்கு முன்னால் பெதஸ்டாவே உருவாக்கிய 'ஃபால்அவுட் 3' 90-க்கு மேல் வாங்கியது. ஆனால் கதை, வசனம், யார் பக்கம் சேரலாம் என்கிற சுதந்திரம் என்று பார்த்தால் நியூ வேகஸைத்தான் மேலே வைப்போம் என்கிற ரசிகர்கள் ஏராளம்.

அப்போ 84 தப்பான மதிப்பெண்ணா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் செய்து முடித்த கேம் அது. வெளியான வாரத்தில் பக் மேல் பக். ஆடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும். அந்த வாரத்தில் அதை ஆடிய ஒருவர் பத்துக்கு எட்டரை கொடுத்தால் அது நேர்மையான மதிப்பெண்தான். பேட்ச்கள் வந்தன, பக்குகள் குறைந்தன, கதை நின்றது. எண் மட்டும் 2010-லேயே இருக்கிறது.

இந்த எண் எப்படி வருகிறது?

2001-ல் தொடங்கிய மெட்டாக்ரிடிக், ஒவ்வொரு பத்திரிகையின் ஸ்கோரையும் நூற்றுக்கு மாற்றி சராசரி எடுக்கிறது. எல்லாப் பத்திரிகைக்கும் சம மதிப்பு கிடையாது. சிலவற்றுக்கு எடை அதிகம், ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதை அது வெளியிடுவதில்லை. கேம்களுக்கு 75-க்கு மேல் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு.

நம்ம ஊர் பரீட்சையில் 35 எடுத்தால் பாஸ். கேம் உலகத்தில் 75 எடுத்தாலே "என்னடா சுமார்தானா" என்கிறார்கள். நூறு மதிப்பெண் இருந்தும் பெரிய கேம்கள் பெரும்பாலும் 70-க்கும் 95-க்கும் நடுவேதான் நெருக்கியடித்து நிற்கின்றன. 2014-ல் ஒரு போகிமான் கேமுக்கு ஐஜிஎன் 7.8 கொடுத்தது. குறைகளில் ஒன்றாக "தண்ணீர் அதிகம்" என்று எழுதியது. இணையமே சிரித்தது, இன்னும் சிரிக்கிறது. ஆனால் அந்தக் கேமில் கடல்வழிகள் அதிகம், அவற்றில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி போகிமான்கள்தான் வரும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். விமர்சகர் சொன்னதில் நியாயம் இருந்தது. 7.8 என்பது நல்ல மதிப்பெண் என்று யாரும் நினைக்காததுதான் பிரச்சினை.

ஒரு பானை, ஒரு சோறு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பந்தய கார் கேமுக்கு அது சரி. பத்து மணி நேரம் ஓட்டினால் மீதி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். ஆர்பிஜி அப்படியில்லை. நீங்களே ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதன் திறமைகளை வளர்த்து, உங்கள் முடிவுகளால் கதையை நகர்த்துகிறீர்கள். ஐந்தாவது மணி நேரத்தில் காப்பாற்றிய ஒருவன் அறுபதாவது மணி நேரத்தில் திரும்பி வருவானா என்பதில்தான் அதன் தரமே இருக்கிறது. விமர்சகருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் சில நாட்கள், அதுவும் ஒரே ஒரு பாதை.

2010-ல் வந்த 'நியர்' இதற்கு நல்ல உதாரணம். ஸ்கோர் 70-ஐத் தொடவில்லை. சண்டை மந்தமாக இருக்கும், வேலைகள் அலுப்பூட்டும், அதெல்லாம் உண்மை. ஆனால் ஒருமுறை முடித்துவிட்டு நடுவிலிருந்து மறுபடி ஆடினால், இவ்வளவு நேரம் நீங்கள் வெட்டி வீழ்த்தியவர்கள் யார் என்பது வேறு மாதிரி தெரியவரும். முதல் முடிவோடு கேமை மூடியவருக்கு அந்தக் கதை பாதிதான் கிடைத்திருக்கும். 2021-ல் சண்டையைச் சரிசெய்து மறுபதிப்பு வந்தது. ஸ்கோர் 80-ஐத் தாண்டியது.

உயர்ந்த மதிப்பெண்ணிலும் இதே சிக்கல் உண்டு. 2023 ஆகஸ்டில் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' 96 வாங்கியது. தகும் என்றே சொல்வேன். ஆனாலும் மூன்றாம் பாகத்தில், நகரத்துக்குள் நுழைந்ததும், ஆரம்பத்தில் பலருடைய கம்ப்யூட்டர் திணறியது, பக்குகளும் இருந்தன. அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே பல பத்து மணி நேரம் ஆகும்.

இதைவிட மோசமானது 'சைபர்பங்க் 2077'. 2020 டிசம்பர் 10 அன்று வெளியாவதற்கு முன், விமர்சகர்களுக்கு பிசி பதிப்பு மட்டும்தான் தரப்பட்டது. அதிலும் தாங்கள் ஆடியதைப் பதிவுசெய்து காட்ட அனுமதி இல்லை. ஸ்கோர் 90-ஐத் தொட்டது. அதைப் பார்த்து பிளேஸ்டேஷன் 4-க்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது ஆட முடியாத கேம். ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே தூக்கியது, 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அது கிட்டத்தட்ட வேறு கேம். பழைய 90-ம் இன்றைய கேமைப் பற்றியது இல்லை, கடையில் எடுக்கப்பட்ட பதிப்பைப் பற்றியதும் இல்லை.

சரி, ஆடுகிறவர்கள் கொடுக்கும் ஸ்கோர்?

'மாஸ் எஃபெக்ட் 3' 2012-ல் வந்தபோது விமர்சகர்கள் 90-ஐ ஒட்டிக் கொடுத்தார்கள். ரசிகர்கள் பூஜ்ஜியமாகக் குத்தினார்கள். மூன்று கேம்களாக எடுத்த முடிவுகளுக்கெல்லாம் கடைசிப் பத்து நிமிடத்தில் அர்த்தமே இல்லாமல் போய்விட்டது என்பது அவர்கள் கோபம். பயோவேர் அதே வருடம் ஜூனில் முடிவை விரித்து இலவசமாகக் கொடுத்தது. ரசிகர்களின் புகார் சரியானது என்றே தோன்றுகிறது, பூஜ்ஜியம் சரியில்லை. இப்படிக் கூட்டமாக வந்து மதிப்பெண்ணைக் கவிழ்ப்பது பெருகியதால், 2020 முதல் கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர் ஸ்கோரை மெட்டாக்ரிடிக் அனுமதிக்கிறது.

ஆக, ஸ்கோர் எதைச் சரியாகச் சொல்கிறது? கேம் ஓடுமா, சண்டை கையில் ஒட்டுமா, பணம் போட்டு மெருகேற்றியிருக்கிறார்களா: இதையெல்லாம் ஓரளவு சரியாகவே சொல்லும், நீங்கள் வாங்கப்போகும் கருவியில் ஆடிப் பார்த்து எழுதியிருந்தால். உங்கள் முடிவுகளுக்குக் கதையில் மதிப்பு இருக்கிறதா என்பதை அது பெரும்பாலும் சொல்லாது. பாதி ஆர்பிஜியே அதுதான்.

வாங்குவதற்கு முன் ஸ்டீமில் இரண்டு விஷயம் பாருங்கள். மொத்த ரிவியூவுக்குப் பக்கத்தில் கடந்த 30 நாட்களின் ரிவியூ தனியாக இருக்கும். பேட்ச்சுக்குப் பிறகு கேம் எப்படி இருக்கிறது என்பது அதில் தெரியும். அடுத்து, ஒவ்வொரு ரிவியூவிலும் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று இருக்கும். 80 மணி நேரம் ஆடிவிட்டு "பிடிக்கவில்லை" என்பவரை, மூன்று மணி நேரத்தில் "மாஸ்டர்பீஸ்" என்பவரைவிட நிதானமாகப் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் ரீஃபண்ட் உண்டு: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால். பால்டர்ஸ் கேட் 3-ல் அந்த இரண்டு மணி நேரத்தில் பாதி, கேரக்டருக்கு எந்தத் தலைமுடி பொருந்தும் என்று பார்ப்பதிலேயே போய்விடும்.