நிரல் எழுதித் தரும் இணையத்தளங்கள்: வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பகுதிகளில் கடன் கொப்பி இல்லாத பலசரக்குக் கடை குறைவு. தோட்டத்தில் சம்பள நாள் வரும்வரை மாவும் சீனியும் பருப்பும் கடனுக்குத்தான் போகும். அந்தக் கொப்பியைக் கணினிக்கு மாற்ற வேண்டுமானால் முன்பு மென்பொருள் தெரிந்த ஒருவரைத் தேடிப் போக வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் நிலைமை மாறிவிட்டது. வேண்டியதைத் தமிழில் சொன்னாலே, கணினிக்குரிய கட்டளைகளை, அதாவது நிரலை, இணையத்தளமே எழுதித் தருகிறது.

எந்தத் தளம் நன்றாக எழுதுகிறது என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். வியாபாரி இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எழுதித் தந்ததில் வேண்டிய இடத்தை உடனே கண்டுபிடிக்க முடிகிறதா?

ஏன் இந்தக் கேள்வி? கடன் கணக்குக்கான ஒரு சிறிய நிரலே 200, 300 வரி வரும். திரையில் ஒரு நேரத்தில் தெரிவதோ அதில் ஒரு பகுதி மட்டுமே. "பகுதிப் பணம் கட்டினால் கழிக்க வேண்டும்" என்று ஒரு திருத்தம் கேட்டால், பல தளங்கள் முழுவதையும் கீழே மறுபடி எழுதும். நான்கு திருத்தம் கேட்டால் ஒரே பக்கத்தில் ஐந்து பிரதிகள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஐந்தாவது என்று நினைத்து மூன்றாவதை எடுத்தாலும் நிரல் வேலை செய்யும். ஆனால் 2,000 ரூபா கட்டியவர் பெயரில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். அங்கே போவது பணம் மட்டுமல்ல, கடையின் நாணயமும்தான்.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று.

முதலாவது, எழுதும்போதே பக்கம் தானாகக் கீழே ஓடுவது. நல்ல தளத்தில் நாம் மேலே நகர்த்தியதும் ஓட்டம் நிற்கும். கீழே போக ஓர் அம்புக்குறி தெரியும். சில தளங்கள் திரும்பவும் கீழே இழுத்துவிடும். அங்கே எழுதி முடியும்வரை பொறுத்திருப்பதே வழி.

இரண்டாவது, கையடக்கத் தொலைபேசி. நிரல் இருக்கும் பெட்டி பக்கத்துக்குள் தனியாக நகரும். நீண்ட வரிகள் வலப்புறம் மறைந்துவிடும். விரலால் இழுத்துத் தெரிவு செய்தால் தலையோ வாலோ விடுபடும். பெட்டியின் மூலையில் உள்ள 'கொப்பி' பொத்தானையே அழுத்துங்கள்.

மூன்றாவது, தேடல். கன்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சொல்லைத் தேடலாம். ஆனால் சில பெட்டிகள், வேகத்துக்காக, திரையில் தெரியும் வரிகளை மட்டுமே தயாராக வைத்திருக்கும். மற்ற வரிகள் உலாவியின் தேடலில் அகப்படா. பெட்டிக்குள் ஒருமுறை சொடுக்கிவிட்டுத் தேடினால், பெரும்பாலும் பெட்டியின் சொந்தத் தேடல் திறக்கும்.

நிறுவனங்களும் இதை உணர்ந்துள்ளன. 2024 ஜூனில் அந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளோட் தளமும், ஒக்டோபரில் சாட்ஜிபிடியும், உரையாடலை ஒரு பக்கமும் நிரலை மறுபக்கமும் காட்டும் வசதியைக் கொண்டுவந்தன. பழைய பிரதிக்கும் புதிய பிரதிக்கும் பொத்தான் மூலம் போய்வரலாம். சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட சோஹோ, 2006இல் வெளியிட்ட சோஹோ கிரியேட்டரில் வேறு வழியைக் கையாண்டது. அங்கே ஒவ்வொரு படிவத்துக்கும் உரிய சிறு கட்டளைத் தொகுப்பு தனித்தனியாக இருப்பதால், நீண்ட தாளைப் புரட்டும் வேலை குறைவு.

மாதக் கட்டணம் செலுத்துமுன் கால் மணி நேரம் சோதியுங்கள். ஒரு சிறு நிரல் கேட்டு, மூன்று திருத்தம் சொல்லி, இரண்டாவது பிரதிக்குத் திரும்பிப் பாருங்கள். கடையில் பாவிக்கும் தொலைபேசியிலேயே செய்யுங்கள். ஒரு நிமிடத்தில் அகப்படாவிட்டால் அந்தத் தளம் நமக்குச் சரிவராது.

எதைத் தெரிவு செய்தாலும், ஒவ்வொரு பிரதியையும் திகதியும் இலக்கமும் இட்டுத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். ஒரு சம்பள நாள் கடந்து, கணினிக் கணக்கும் கொப்பிக் கணக்கும் ஒத்துவரும்வரை கடன் கொப்பியை மூடிவிடாதீர்கள்.