கல்லூரி வானொலி யாருடையது?

ஒரு பள்ளித் திடலைப் புல் வெட்டி, மேடு பள்ளம் சமன் செய்து, கோடு போட்டுக் காத்து வருவோர் மாணவர்கள். ஆனால் நிலத்தின் பத்திரமோ நிர்வாகத்தின் பெட்டியில் இருக்கிறது. ஒரு நாள் அத்திடலை விற்க நிர்வாகம் முடிவு செய்யுமாயின், தடுக்கும் உரிமை எவருக்கு உண்டு? அமெரிக்காவில் மாணவர் நடத்திய வானொலி நிலையங்கள் விலை பேசப்பட்டபோது எழுந்த வினாவும் இத்தகையதே.

டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் உள்ளது ரைஸ் பல்கலைக் கழகம். அங்கே 1967 இல் மாணவர் விடுதி ஒன்றில் சிறு முயற்சியாகத் தோன்றிய வானொலி, 1971 இல் பண்பலை உரிமம் பெற்றது, பின்னர் கே.டி.ஆர்.யு. என்னும் பெயரால் விளங்கியது. 1991 இல் அதன் ஆற்றல் 50,000 வாட்டாக உயர்ந்தது. வணிக நிலையங்கள் தீண்டாத இசையையும் உள்ளூர்க் கலைஞர்களையும் அது நகருக்கு அறிமுகப்படுத்தியது. நிகழ்ச்சிகளைத் தெரிந்தெடுத்தோரும் ஒலிபரப்பியோரும் பெரும்பாலும் மாணவர்களே.

2010 ஆகஸ்டில், அலைவரிசையையும் ஒலிபரப்புக் கோபுரத்தையும் ஹூஸ்டன் பல்கலைக் கழகத்திற்கு 95 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு விற்கும் செய்தி வெளியாயிற்று. பேச்சு வார்த்தை இரகசியமாகவே நடந்திருந்தது. இணையத்தின் வழியே நிலையம் தொடரலாம் என்றது நிர்வாகம். மாணவரும் முன்னாள் மாணவரும் நேயர்களும் திரண்டனர், கண்டனக் கூட்டம் நடத்தினர், கையொப்பம் திரட்டினர், வழக்கறிஞரையும் நாடினர்.

இங்குச் சட்டத்தின் நிலையை அறிதல் வேண்டும். அமெரிக்காவில் வான் அலை பொதுச் சொத்து. அதைப் பயன்படுத்தும் உரிமமே ஒருவருக்கு அளிக்கப்படும். கல்லூரி நிலையத்தின் உரிமம் பொதுவாக மாணவர் பெயரில் இராது. பல்கலைக் கழகத்தின் பெயரில் இருக்கும். எனினும் 1934 ஆம் ஆண்டுச் செய்தித் தொடர்புச் சட்டப்படி, கூட்டரசுத் தொடர்பு ஆணையம் இசைந்தாலன்றி உரிமம் கைமாறாது. விண்ணப்பம் அறிவிக்கப்பட்ட பின், அதனை மறுக்குமாறு குறித்த காலத்திற்குள் மனுச் செய்யலாம்.

ஆயின், மனுவுக்கு இரண்டு தடைகள் உண்டு. வாங்க வருபவரினும் தக்கார் வேறொருவர் இருக்கிறாரா என ஆணையம் ஒப்பிட்டுப் பார்க்கச் சட்டம் இடந்தரவில்லை. நிகழ்ச்சி வகை மாறுகிறது என்பதற்காக ஆணையம் தலையிட வேண்டியதில்லை என்று 1981 இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எனவே, “எங்கள் இசை அழியும்” என்னும் முறையீடு நெஞ்சைத் தொடும், உரிமத்தைத் தடுக்காது.

ரைஸ் மாணவர் தரப்பின் மனுவும் வெற்றி பெறவில்லை. 2011 ஏப்ரல் 28 இல் அலைவரிசை கைமாறியது. அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக் கழகத்தின் கே.யு.எஸ்.எப். நிலையமும் இத்தகைய விற்பனைக்கு உள்ளாயிற்று. அங்கு எழுந்த எதிர்ப்பு முற்றிலும் வீண்போகவில்லை: ஆணையம் விசாரணை நடத்தியது, 2012 இல் விற்பனைக்கு இசைவு தந்தபோதும், விதிமீறல் குறித்து 50,000 வெள்ளி செலுத்த நேர்ந்தது.

ரைஸ் மாணவர்களோ ஓயவில்லை. இணையத்தில் ஒலிபரப்பைத் தொடர்ந்தனர். சிற்றாற்றல் நிலையங்களுக்குக் கூடுதல் இடந்தரும் சட்டம் 2011 இல் நடைமுறைக்கு வந்திருந்தது. அத்தகைய நிலையம் 100 வாட்டுக்கு மேற்படலாகாது. பழைய ஆற்றலில் ஐந்நூற்றில் ஒரு பங்கே. எனினும் அவ்வழியே 2015 அக்டோபரில் கே.டி.ஆர்.யு. மீண்டும் பண்பலையில் ஒலித்தது. விலை கொடுத்து வாங்கிய பல்கலைக் கழகமோ, அவ்வாண்டிலேயே பழைய அலைவரிசையை விற்க முனைந்து, பின்னர் ஒரு கிறித்துவ இசை ஒலிபரப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தது.

இவற்றால் பெறப்படுவது யாது? விற்பனை அறிவிக்கப்பட்ட பின் எழும் கிளர்ச்சி பெரும்பாலும் காலம் கடந்தது. உரிமம் எவர் பெயரில் உள்ளது, ஆட்சிக் குழுவில் மாணவர் குரலுக்கு இடம் உண்டா, விற்குமுன் அவர்களைக் கலந்து பேச வேண்டும் என்னும் விதி எழுத்தில் உள்ளதா என்பவை அமைதியான காலத்திலேயே கேட்கத் தக்கவை. உழைப்பு உரிமையைத் தானே தந்துவிடாது. அதனைத் தாளில் எழுதிக் கொள்ளவும் வேண்டும். திடலைக் காப்போர் பத்திரத்தையும் ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று.